மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கும் உறையைக் கட்டாயமாக்குங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கைத்துப்பாக்கியைப் பிறர் கண்ணில் படும்படி பொது இடத்துக்கு எடுத்துச் செல்கிறவர் அதை உறைக்குள் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். அதே துப்பாக்கியைச் சட்டைக்கு அடியில் மறைத்துக்கொண்டு போகிறவரிடம் உறை இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை. கால்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொள்ளலாம்; இடுப்பில் வெறுமனே செருகிக்கொள்ளலாம். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் உரிமமோ பயிற்சியோ இல்லாமலே துப்பாக்கியோடு வெளியே போகலாம். 50 மாநிலங்களில் 29 இதே வழிக்கு வந்துவிட்டன. யார் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதில்தான் அந்த நாட்டின் விவாதம் முழுவதும் செலவாகிறது. வைத்திருப்பவர் அதை உடம்பில் எங்கே, எதற்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறார் என்பது கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான சொந்த விஷயமாக விடப்பட்டிருக்கிறது. இது பெரும் பிழை. உடம்புக்கு ஒத்துவராத உறை சில நாட்களில் கழற்றி வைக்கப்படும். அதன் பிறகு துப்பாக்கி எங்கே கிடக்கும், யார் கைக்குப் போகும் என்பது உரிமையாளரோடு நிற்கும் விஷயமல்ல.

எத்தனை பேரைப் பற்றிய பேச்சு இது என்று முதலில் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் தரவை வைத்து அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் 2022இல் வெளியான கட்டுரை, குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை முந்தைய 30 நாட்களில் ஒருமுறையேனும் எடுத்துச் சென்ற வயதுவந்தோர் சுமார் 1.6 கோடி என்றும், அவர்களில் சுமார் 60 லட்சம் பேர் தினமும் எடுத்துச் செல்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. 2015இல் தினசரி எண்ணிக்கை 30 லட்சமாக இருந்தது. நான்கே ஆண்டுகளில் இரட்டிப்பு. காவலர்களுக்குத் துறை தடித்த பெல்ட்டும், பிறர் பிடுங்க முடியாதபடி பூட்டுள்ள உறையும் கொடுத்து, உருவவும் திருப்பி வைக்கவும் பழக்குகிறது. இந்த லட்சக்கணக்கான சாதாரண மக்களுக்கு அப்படிக் கற்றுத்தர யாரும் இல்லை. துப்பாக்கி வெளியே தெரியக்கூடாது என்ற கூடுதல் சுமையும் அவர்களுக்கு இருக்கிறது. அலுவலக நாற்காலியில் எட்டு மணி நேரம், காரில் இரண்டு மணி நேரம், குனிந்து குழந்தையைத் தூக்கும்போது, கழிவறையில் என்று எல்லா நேரமும் அது உடம்போடு இருக்கிறது.

பரவலாக விற்கும் கிளாக் 19 ரகக் கைத்துப்பாக்கி 15 குண்டுகளோடு ஏறத்தாழ 850 கிராம் எடை வரும். கால்சட்டைக்கு உள்பக்கமாக, இடுப்பெலும்புக்கும் துணிக்கும் நடுவே செருகும்போது அந்த எடை ஒரே புள்ளியில் அழுத்துகிறது. இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் நிற்கும்போது தெரியாது. உட்கார்ந்தால் நாற்காலியின் முதுகுப்பலகை அழுத்தும், குனிந்தால் சட்டை மேலேறிப் பிடி துருத்தும். முதுகின் நடுவில் வைத்தால் நன்றாக மறையும். மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்கு ஆபத்து. அடிவயிற்றின் முன்பக்கம் வைப்பது இப்போது அதிகம் பழக்கத்தில் உள்ள முறை. கைக்கு அருகில் இருக்கும், மறைக்கவும் எளிது. ஆனால் குழல்முனை தொடையையும் அதன் பெரும் ரத்தக் குழாயையும் நோக்கியிருக்கும். உயரம், தொந்தி, இடுப்பு அமைப்பு, வேலை எதுவாக இருந்தாலும் இவற்றில் ஒன்றுதான் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல இடமில்லை. பெண்களின் ஆடைகளில் பல பெல்ட்டே கட்ட முடியாதவை என்பதால் அவர்களுக்குத் தேர்வு இன்னும் குறுகுகிறது.

வசதி என்றால் மென்மை என்று நினைப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற துணி உறையைக் கடையில் கையால் தடவிப் பார்த்தால் இதமாக இருக்கும். நாள் முழுவதும் அணியும்போது அது சுருண்டு கீழிறங்கும். துப்பாக்கியை உருவினால் வாய் மூடிக்கொள்ளும். திருப்பி வைக்கும்போது துணியின் மடிப்பு விசைக்குள் நுழையலாம். நாள்பட்டுத் தொய்ந்துபோன தோல் உறைக்கும் இதே குறை உண்டு. கிளாக் போன்ற துப்பாக்கிகளில் கட்டைவிரலால் தள்ளும் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. விசையை எது உள்ளே தள்ளினாலும், விரலோ துணி மடிப்போ சட்டை நாடாவோ, குண்டு வெளியேறும். அத்தகைய துப்பாக்கிக்கு உறைதான் பாதுகாப்புப் பொத்தான். எனவே நல்ல உறையின் முதல் இலக்கணம் விசைப் பகுதியைக் கெட்டியாக மூடியிருப்பது. விமானங்களின் உட்புறத்துக்காக 1960களில் உருவாக்கப்பட்ட கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கித் துப்பாக்கியின் வடிவத்துக்கே அச்செடுத்துச் செய்யும் உறைகள் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன. அவை கடினமானவை, ஆனால் எடையைச் சுமக்கும் கெட்டியான பெல்ட், சாய்வையும் உயரத்தையும் மாற்றிக்கொள்ளும் திருகுகள், குழல்முனைக்குப் பின்னால் சிறு மெத்தைத் துண்டு ஆகியவை சேர்ந்தால், மென்துணி உறையைவிட அவைதான் நாள் முழுக்கத் தாங்கும். குட்டையான உறையைவிடச் சற்று நீளமானது கவிழாமல் நிற்பதால் பலருக்குக் குறைவாகவே உறுத்துகிறது.

பொருந்தாத உறையை மனிதர்கள் சகித்துக்கொள்வதில்லை. கடிக்கிற செருப்பை எத்தனை நாள் போட்டுக்கொண்டு நடப்போம்? கழற்றிய துப்பாக்கி பெரும்பாலும் காருக்குள் போகிறது. 2022இல் 337 அமெரிக்க நகரங்களில் பதிவான துப்பாக்கித் திருட்டுகளை, துப்பாக்கி வன்முறையை எதிர்க்கும் எவரிடவுன் அமைப்பு ஆராய்ந்தபோது, திருடுபோன ஏறத்தாழ 1,12,000 துப்பாக்கிகளில் பாதிக்குச் சற்று மேல் கார்களிலிருந்து போனவை என்று தெரிந்தது. திருடியவர் அதைப் பூட்டி வைக்க எடுக்கவில்லை. காரில் விடாதவர்கள் கைப்பையில் போடுகிறார்கள். 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன; பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு நிரப்பியவை. பையில் இருந்ததே மறந்துவிட்டது என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். உடம்பில் உறையோடு இருக்கும் ஆயுதத்தை அப்படி மறப்பது கடினம். ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில் 2014 டிசம்பரில் ஒரு கடையில், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயது மகன் எடுத்து விசையை இழுத்துவிட்டான். தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறையோடு தயாரிக்கப்பட்ட பை அது. பையும் காரும் இல்லாவிட்டால் வெறும் இடுப்பு. அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பரஸ் 2008இல் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் உறையில்லாமல் இடுப்பில் செருகியிருந்த கிளாக் நழுவி, வெடித்து, அவர் தொடையையே துளைத்தது. உரிமமில்லாத துப்பாக்கி என்பதால் இரண்டாண்டுச் சிறைத்தண்டனையும் வந்தது.

துப்பாக்கி சுகமாக இருக்க வேண்டியதில்லை, தைரியம் தந்தால் போதும் என்று அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சொல்வது உண்டு. சிறு உறுத்தலுக்குப் பயந்து ஆயுதத்தைக் கழற்றாதே என்பதே அதன் பொருள். அக்கறையோடு சொல்லப்படுவதுதான், என்றாலும் அது மன உறுதியை மட்டும் நம்புகிறது. ஒரு வாரம் வேண்டுமானால் உறுதி தாங்கும், வருடக்கணக்கில் தாங்காது. எதிர்ப்பக்கம் இன்னொரு வாதமும் உண்டு: இறுக்கமில்லாமல் இலகுவாக இருப்பதுதானே வசதி, அப்படியானால் வசதியைத் தேடுவதே ஆபத்தில்லையா? 2018 ஜூனில் டென்வர் நகர விடுதியில், பணி நேரத்துக்கு வெளியே நடனமாடிப் பின்னோக்கிக் கரணம் போட்ட எஃப்பிஐ அதிகாரியின் இடுப்பிலிருந்து துப்பாக்கி கீழே விழுந்தது. அதை அவர் அவசரமாக எடுக்கும்போது வெடித்து, அருகிலிருந்தவரின் காலில் பாய்ந்தது. பயிற்சி பெற்றவருக்கே இந்த நிலை என்றால், உறை துப்பாக்கியை இறுகப் பிடித்திருப்பது விருப்பத்துக்கு விடக்கூடிய விஷயம் அல்ல. நான் கேட்பது இறுகப் பிடிக்கிற, விசையை மூடுகிற, அதே நேரம் அணிபவரின் உடலுக்குப் பொருந்துகிற உறை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல.

துப்பாக்கியே வேண்டாம் என்பவர்கள் இந்தப் பேச்சை விரும்பமாட்டார்கள். நல்ல உறையைப் பற்றிப் பேசினால் ஆயுதம் சுமப்பது சகஜமாகிவிடும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை எனக்கும் உண்டு; துப்பாக்கிகள் குறைந்தால் மரணங்களும் குறையும் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கும்படி ஹேடன் போன்ற ஊர்களின் குழந்தைகளிடம் சொல்ல முடியாது. மறுபக்கத்தில், அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் தரும் உரிமையில் அரசு கைவைக்கலாமா என்று கேட்பார்கள். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த புரூன் வழக்குத் தீர்ப்பு பொது இடத்தில் ஆயுதம் ஏந்தும் உரிமையை விரிவாக்கியது உண்மை. அந்தத் தீர்ப்பே, பின்னணிச் சரிபார்ப்பும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கும் உரிம முறைகள் மீது தான் சந்தேகம் எழுப்பவில்லை என்று அடிக்குறிப்பில் சொல்கிறது. எடுத்துச் செல்லும் விதத்தை மாநிலங்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒழுங்குபடுத்தி வந்ததையும் பதிவு செய்கிறது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை உறை சிறிதும் குறைப்பதில்லை. செலவு அதிகம் என்ற வாதமும் நிற்காது. 500 டாலருக்குத் துப்பாக்கி வாங்குகிறவருக்கு நல்ல உறை 50 முதல் 100 டாலருக்குக் கிடைக்கிறது.

இது எழுத முடியாத சட்டமும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு இணைத்த உறையிலோ அதற்கொத்த பையிலோ வைத்திருக்க வேண்டும், அது முழுவதும் மறைந்திருக்க வேண்டும், சுமப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளிலும் இதையொத்த நிபந்தனை உண்டு. நான் இதில் பைக்கு இடம் தரமாட்டேன். காரணம் மேலே சொன்னதுதான். அமெரிக்க மாநிலங்கள் இரண்டு வரியில் எழுதலாம்: மறைத்தோ வெளிப்படையாகவோ சுமக்கும் துப்பாக்கி விசையை மூடும் கெட்டியான உறையில், உடலோடு இணைந்திருக்க வேண்டும், கழற்றினால் பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும். கொலராடோ மாநிலம் இதில் பாதியைச் செய்துவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து அங்கே ஆளில்லாத காரில் விடும் கைத்துப்பாக்கி, கண்ணில் படாத பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். இதோடு நியூயார்க் கேட்பது போல 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும் கட்டாயமானால், எந்த உறை தன் உடலுக்குப் பொருந்தும் என்பதை வாங்குபவர் பணம் கட்டுவதற்கு முன்பே அணிந்து, உட்கார்ந்து, குனிந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வழி பிறக்கும்.

டாலஸிலும் ஹூஸ்டனிலும் வாக்குரிமையோடு வாழும் தமிழர்கள் இந்தக் கோரிக்கையைத் தங்கள் தொகுதிப் பிரதிநிதியிடம் எழுதிக் கேட்க வேண்டும். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியில் தொடங்கி 140 நாட்கள் நடக்கிறது. மசோதாக்களை அதற்கு முந்தைய நவம்பரிலிருந்தே தாக்கல் செய்யலாம்.