வடக்குச் சாளரமும் வடசென்னை வீடும்

வீட்டுக்குள் நல்ல படம் எடுக்க வேண்டுமா? சுவருக்கு வெள்ளை அடியுங்கள், வடக்குப் பார்த்த சாளரத்தருகே அமருங்கள், தட்டுமுட்டுச் சாமான்களைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்துங்கள். ஒளிப்பட நூல்கள் நெடுங்காலமாக ஓதிவரும் பாடம் இது. இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஓர் அறையும் சமையற்கட்டுமாக வாழும் குடும்பம் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? இந்த அறிவுரைகளில் பாதி நமக்குப் பொருந்தாது; மறுபாதி தீங்கும் செய்யும் என்பது நம் எண்ணம்.

வடக்குச் சாளரத்தையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஓவியர்கள் அதை விரும்பியதற்குக் காரணம், அவர்கள் ஊரில் பகற்சூரியன் எப்போதும் தென்வானில்தான் நிற்கும். சென்னையோ 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். கத்திரி வெயிலில் வடக்குச் சாளரம் தரும் 'மென்மையான ஒளி' எப்படியிருக்கும் என்பதை அனுபவித்தவர் அறிவர். பழைய வெள்ளை வேட்டி ஒன்றைச் சாளரத்தில் கட்டிவிட்டால் போதும். எந்தத் திசையானாலும் வெயில் பாலாக மாறிவிடும்.

நெருக்கமான வரிசை வீடுகளில் சாளரமே இல்லாதபோது வாசற்கதவுதான் சாளரம். வாசலிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, முகம் பாதி வாசலை நோக்க உட்கார வையுங்கள். உள்ளே போகப் போக ஒளி வேகமாகக் குறையும் என்பதால் பின்னாலுள்ள அறை தானாகவே இருளில் அடங்கும். குழல்விளக்கை அணைத்துவிடுங்கள், பகலொளியோடு அது கலந்தால் முகத்தில் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம். பச்சை டிஸ்டெம்பர் சுவர் அருகிலிருந்தால் கன்னத்திலும் பச்சை ஏறும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வைக்கலாம். செலவு இவ்வளவுதான். (டால்பட் 1835-இல் எடுத்து இன்றும் எஞ்சியிருக்கும் சிறு எதிர்மறைப் படமும் அவர் வீட்டுச் சாளரத்தின் படமே.)

நிற்க. சாளரம் இருந்தும் திறக்க முடியாத வீடுகளை என்ன செய்வது? எண்ணூர்ப் பக்கம் சாம்பலுக்கும் கண்டெய்னர் லாரிப் புழுதிக்கும் அஞ்சிப் பகலிலும் அடைத்துக்கிடக்கும் சாளரங்கள் உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை, வல்லூர் நிலையங்கள் இயங்குகின்றன. இவ்வீடுகளில் ஒளி என்பது ஒளிப்படக்கலையின் சிக்கல் மட்டுமன்று.

அடுத்து, அந்தத் தட்டுமுட்டுச் சாமான்கள். வடசென்னை என்றதும் புகைபோக்கி, பளுதூக்கி, சந்து, கையில் கத்தி என்றே படங்கள் காட்டிப் பழக்கிவிட்டன. உள்ளே கொடியில் தொங்கும் துணி, மூலையில் அடுக்கிய குடங்கள், பரணிலிருக்கும் தகரப்பெட்டி, சுவரில் மாலையிட்ட தாத்தாவின் படம் ஆகியவற்றைக் காட்டியவர் சிலரே. "வீடு விழாம எடுப்பா" என்று அம்மாக்கள் கேட்பதற்குப் பின்னால் இருப்பது கூச்சம். அதைக் கற்பித்தவர்கள் வெளியார். தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருதை 2022-இல் முதலாவதாகப் பெற்ற பழனிக்குமார், மீன் விற்ற தம் தாயின் அன்றாடத்தை நீண்டகாலம் படமெடுத்தவர். எதையும் ஒளித்துவைக்காத படங்கள் அவை. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கேமராவைக் கற்றும் தருகிறார். குடத்தை அகற்றிவிட்டு எடுத்த படம் யார் வீட்டின் படம் என்பதே நம் கேள்வி.

வெள்ளை அடிக்கும் யோசனையில்தான் நமக்கு மிகுந்த தயக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து எண்ணூர்க் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நீர் வடிந்த பின் சுவரில் கறுப்புக் கோடு நின்றது. படம் நன்றாக வரவேண்டுமென்றோ பொங்கலுக்கென்றோ அதன்மேல் வண்ணம் பூசுவது இயல்பு, பூசட்டும். ஆனால் இத்தகைய கோடு எந்தச் சுவரில் இருந்தாலும், பூசுவதற்கு முன்பு ஒரு படம் எடுத்துவிட வேண்டும். கோட்டருகே அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு வீட்டார் ஒருவர் நிற்கலாம். தேதியையும் குறித்து வைக்கலாம். நேரெதிரே பிளாஷ் அடித்தால் எண்ணெய்ப் பளபளப்பில் கோடு வெளிறிப்போகும். காலையில் கடற்பக்கத்திலிருந்து வாசல் வழியே சாய்ந்து விழும் வெளிச்சத்தில் அது தெளிவாகத் தெரியும்.