மெல்லிய வாயுள்ள மீன்



அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில் வாழும் தமிழ்த் தந்தை ஒருவர் நமக்கு மடல் எழுதியிருக்கிறார். பத்து வயது மகனுடன் முதன்முறையாகக் கிராப்பி மீன் பிடிக்கச் சென்றாராம். மாலைவரை காத்திருந்து கிடைத்தது ஒரே மீன். அது படகருகே வந்ததும் சிறுவன் ஆவல் மிகுதியால் தூண்டிலை வெடுக்கென இழுக்க, மீன் தப்பிவிட்டது. தந்தை கடிந்துகொண்டார். அன்றுமுதல் மகன் ஏரிப் பக்கமே வர மறுக்கிறான். “இம்மீனைப் பிடிக்கும் முறை யாது?” என்பது அவர் வினா. அம்மாநிலத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது நாமும் இக்கலையைத் தட்டுத் தடுமாறிக் கற்றோம். ஆதலின், அறிந்ததைக் கூறுகிறோம்.

கிராப்பி வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர் மீன். வெண்கிராப்பி, கருங்கிராப்பி என இருவகைப்படும். முதுகுத் துடுப்பில் ஐந்தாறு முட்கள் இருப்பின் வெண்கிராப்பி. ஏழெட்டு இருப்பின் கருங்கிராப்பி. பொதுவாக அரை முதல் ஒரு பவுண்டு எடையே இருக்கும். ஆயினும் சுவை மிக்கது. லூசியானா மாநிலத்தார் பிரெஞ்சு மொழியில் இதனைப் ‘பால் பை’ என்னும் பொருள்படச் ‘சாக்-அ-லே’ என்றழைப்பர்.

தொடங்குவோருக்குப் பெருஞ்செலவு இல்லை. வளைந்து கொடுக்கும் மெல்லிய கோல், நான்கு முதல் எட்டுப் பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு, சிறு தக்கை, சிறு முள் ஆகியவை போதும். இரையாக மின்னோ என்னும் பொடிமீனை உயிரோடு கோக்கலாம். அல்லது ஈயத் தலையும் இறகு வாலும் கொண்ட, இரண்டு கிராமுக்கும் குறைந்த ‘ஜிக்’ என்னும் போலி இரையைக் கட்டலாம்.

வசந்த காலமே தொடங்கும் பருவம். நீரின் வெப்பம் ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியசை எட்டும்போது இவை முட்டையிடக் கரையோரம் வருகின்றன. மூழ்கிய மரங்களும் கிளைகளும் இவற்றின் புகலிடம். டென்னசியின் ரீல்ஃபுட் ஏரி இதற்குப் பெயர்பெற்றது. 1811, 1812ஆம் ஆண்டுகளின் நிலநடுக்கங்களால் தரை தாழ்ந்து உருவான ஏரி அது; அன்று மூழ்கிய காட்டின் அடிமரங்கள் இன்றும் நீருக்குள் நிற்கின்றன.

புதியவர் பலர் இரையை அடிவரை இறக்கிவிடுகின்றனர். நாமும் அவ்வாறே செய்து பல நாள் வெறுங்கையுடன் திரும்பினோம். கிராப்பியின் கண்கள் மேல்நோக்கியவை. தனக்கு மேலே உள்ளதையே அது எழுந்து வந்து கவ்வும். கீழே கிடக்கும் இரை அதன் கண்ணில் படுவது அரிது. எனவே இரண்டடி ஆழத்தில் தொடங்குங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓரடி இறக்குங்கள். ஒரு மீன் கடித்த ஆழத்தை மாற்றவேண்டாம். இவை கூட்டமாக வாழ்பவை. தக்கை எப்போதும் மூழ்கும் என்று எதிர்பாராதீர்கள். மீன் இரையை மேல்நோக்கித் தூக்குவதால், நிமிர்ந்து நின்ற தக்கை சில வேளை பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதுவும் கடித்ததன் அடையாளமே.

இனி, தப்பிய மீனுக்கு வருவோம். இம்மீனின் வாயோரச் சவ்வு காகிதம் போன்றது. ‘காகித வாயன்’ என்றே அந்நாட்டார் இதனை அழைப்பதுண்டு. வெடுக்கென இழுத்தால் சவ்வு கிழிந்து முள் கழன்றுவிடும். கோலை மெல்ல உயர்த்தி, நரம்பு தளராமல் சீராக இழுத்து, நீரிலிருந்து தூக்குமுன் கைவலையை அடியில் ஏந்தவேண்டும். கோல் மகன் கையிலிருந்தால் வலை தந்தை கையிலன்றோ இருந்திருக்க வேண்டும்?

அன்பரே, அடுத்த விடுமுறையில் மகனை மீண்டும் அழையுங்கள். “அன்று வலை ஏந்தாதது என் தவறு” என்று முதலில் சொல்லிவிடுங்கள். மீன்பிடி உரிமத்தையும், அந்த ஏரிக்குரிய எண்ணிக்கை, நீள வரம்புகளையும் முன்னரே கேட்டறியுங்கள். அளவிற் சிறிய மீனை ஈரக்கையால் பிடித்து நீரில் விடும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். அடுத்த மீனும் தப்பலாம். தப்பட்டும், ஏரியில் மீன்கள் இன்னும் உண்டு. மகன் மறுபடியும் உங்களருகே வந்து அமர்வதே முக்கியம். மீனின் வாய் மட்டுமன்று, சிறுவர் மனமும் மெல்லியதே.