கடைசி வண்டி எங்கே இருக்கு?



போன சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஏலகிரி போயிருந்தேன். குடும்பத்தோட போட்டிங் போறதுக்கு இல்லீங்க, பைக்ல. ஒரு ரைடர்ஸ் கிளப் கூட்டம். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர்னு நாலா பக்கத்துல இருந்தும் ஆளுங்க வந்திருந்தாங்க. வீட்ல வழக்கம்போல "ஆபீஸ் டீம் அவுட்டிங்"னு ஒரு பொய். அம்மா வழக்கம்போல நம்பாம, வழக்கம்போல தயிர்சாதம் கட்டிக் குடுத்தாங்க :)

சனிக்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பைபாஸ், வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடின்னு நேரா நாலுவழிச் சாலை. அங்க இருந்து திருப்பத்தூர் ரோட்டுல திரும்பி, பொன்னேரியில மலை ஏறணும். சென்னையில இருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர். மலைப்பாதையில மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ப் புலவர்கள் பேரும் கடையெழு வள்ளல்கள் பேரும் வெச்சிருக்காங்க. பாரதியார்கிட்ட தர்ட் கியர், கம்பர்கிட்ட செகண்ட், பாரிகிட்ட ஃபர்ஸ்ட்னு ஏறிப் போறது தனி சுகம். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியும் நிக்காத கடையெழு வள்ளல் வரிசை இப்பதான் எனக்கு ஞாபகத்துல நிக்குது.

கூட்டம் நல்லாவே நடந்தது. பளபளன்னு துடைச்சு வெச்ச பழைய ஜாவா, யெஸ்டி. 1996-லயே தயாரிப்பு நின்னு போன ஆர்.எக்ஸ். 100-ஐ புள்ளைய வளர்க்கிற மாதிரி வளர்க்கிற ஒரு அண்ணன். ராத்திரி நெருப்பு மூட்டி உக்காந்து லடாக் கதை, நடுவழியில கிளட்ச் வயர் அறுந்த கதை. இதுக்காகத்தானே போறோம்.

ஆனா இந்தப் பதிவு அதைப் பத்தி இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில பரிசு குடுத்தாங்க. ரொம்ப தூரத்துல இருந்து வந்தவருக்கு ஒண்ணு, சரி. நல்லா பராமரிச்ச பழைய வண்டிக்கு ஒண்ணு, ரொம்ப சரி. மூணாவதா, "குறைஞ்ச நேரத்துல வந்து சேர்ந்த டீம்"னு ஒரு கேடயம். எல்லாரும் விசிலடிச்சாங்க. எனக்கு மட்டும் கை தட்ட வரல. ஏன்னு சொல்றேன். இது வரைக்கும் இங்க எழுதாத விஷயம்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஜவ்வாது மலைக்கு ஒரு ரைடு. ஏழு வண்டி. லீடர் நான். என்னோடது 350 சிசி, மத்ததுல பாதிக்கு மேல பெரிய வண்டிங்க. கடைசியில வந்தவன் கிளப்புல சேர்ந்து ரெண்டு வாரம்தான் ஆன ஒரு பையன். காலேஜ் முடிச்சு முதல் சம்பளத்துல வாங்கின 150 சிசி. "அண்ணா, அண்ணா"ன்னு சுத்தி சுத்தி வருவான். ஆரணி தாண்டி போளூர் ரோட்டுல போறோம். நான் 80-ல போறேன். நிஜமா அதுக்கு மேல போகல. அதனால மனசுல நான் ரொம்ப பொறுப்பான லீடர்!

போளூர் பக்கத்துல டீக்கடையில நிறுத்தினேன். டீ சொல்லி, பாதி குடிச்சப்புறம்தான் எண்ணிப் பாத்தேன். ஆறு வண்டி. "வந்துடுவான்டா"ன்னு ஒருத்தர் சொன்னார். நானும் சரின்னு மீதி டீயையும் குடிச்சேன். அந்த மீதி டீயை இன்னிக்கு வரைக்கும் என்னால மறக்க முடியல.

அவன் ஒரு வளைவுல அகலமாப் போய், ரோட்டோர ஜல்லியில சறுக்கிக் கிடந்தான். வலது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சது. அவனைத் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்தது அந்த வழியா வந்த ஒரு பால் வண்டிக்காரர். கூட வந்த ஆறு பேரும் டீ குடிச்சிட்டு இருந்தோம்.

சாயங்காலம் அவங்க அம்மா வந்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டல. "நீ கூடப் போறேன்னு சொன்னான். அதனாலதான் தம்பி அனுப்பினேன்"னு மட்டும் சொன்னாங்க. நாலு அறை விட்டிருந்தாக் கூட தேவலை.

அப்புறம் பல நாள் ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன் (நம்ம தொழில் புத்தி!). 80-ல தானே போனேன், அவன் ஏன் அவ்ளோ வேகமா வந்தான்? விடை ரொம்ப சிம்பிள். ரெண்டு வழி ரோட்டுல முன்னாடி ஒரு லாரி 50-ல போகுதுன்னு வைங்க. லீடர் ஓவர்டேக் பண்ணிட்டு 80-க்குப் போயிடறார். எதிர்ல வண்டி வர்றதால அடுத்தவருக்கு 20 செகண்ட் கழிச்சுதான் இடம் கிடைக்குது. அதுக்கடுத்தவருக்கு இன்னொரு 20. இப்படியே போனா ஏழாவது ஆள் லாரி பின்னாடி 2 நிமிஷம் நிக்கறான். அவன் வெளிய வரும்போது லீடர் 1 கிலோமீட்டர் முன்னாடி இருப்பார். அவன் 100-ல விரட்டினாலும் பிடிக்க 3 நிமிஷம் ஆகும். அதாவது முன்னப்பின்ன தெரியாத ரோட்டுல 5 கிலோமீட்டர் 100-லயே போகணும். இது ஒரே ஒரு லாரிக்கு. அந்த ரோட்டுல லாரி, கரும்பு டிராக்டர், டவுன் பஸ்னு எத்தனை!

80-க்கும் 100-க்கும் 20 தானே வித்தியாசம்னு தோணும். பிரேக் பிடிச்சு நிக்கற தூரம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும்னு ஃபிசிக்ஸ்ல படிச்சோமே, அந்தக் கணக்குப்படி ஒண்ணரை மடங்குக்கு மேல ஆயிடுது. நான் 80-ல சுகமாத் தாண்டின வளைவு அவனுக்கு 100-ல வந்தது. லீடர் மீட்டர்ல என்ன காட்டுதுங்கறது குரூப்போட வேகம் இல்லீங்க. கடைசி வண்டி மீட்டர்ல என்ன காட்டுதோ அதுதான் குரூப்போட வேகம். இது தெரியாம நான் லீடரா இருந்தேன்.

இப்போ புரியுதா, அந்தக் கேடயத்துக்கு ஏன் கை தட்ட வரலன்னு? குறைஞ்ச நேரத்துல வந்து சேர்ந்த டீம்னா, அந்த டீமோட கடைசி ஆள் எப்படி வந்து சேர்ந்தான்னு யாராவது கேட்டாங்களா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல நாட்டுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 74,897 பேர் டூவீலர்ல போனவங்க. எல்லாரும் கிளப் ரைடர்னு சொல்ல வரல. பெரும்பாலும் வேலைக்குப் போனவங்க, காய்கறி வாங்கப் போனவங்க. ஆனா அவங்க போற அதே ரோட்டுலதான் நாம பொழுதுபோக்குக்குப் போறோம்.

கூட்டத்துல எழுந்து இதைச் சொன்னேன். எனக்கு மேடைன்னாலே நாக்கு ஒட்டிக்கும், குரல் வேற நடுங்கிச்சு. ஒரு நண்பர் கேட்டார்: "வேகமா ஓட்டத் தெரிஞ்சவனை எதுக்குப் பிடிச்சு வைக்கணும்? அவன் வண்டி, அவன் திறமை." நியாயமான கேள்விதான். என் பதில்: அவர் தாராளமாப் போகட்டும், தனியாப் போகட்டும். "எங்க கூட வா"ன்னு பத்து பேரைக் கூப்பிட்டப்புறம் அது அவரோட வேகம் மட்டும் இல்ல. புதுசா வர்ற பையன் "அண்ணா, மெதுவாப் போங்க"ன்னு சொல்ல மாட்டான். சின்ன வண்டின்னு சிரிப்பாங்களோன்னு பயம். அவன் வாயால சொல்ல முடியாததை ரூல் சொல்லணும். கிளப்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல:

1. மெதுவான வண்டியும் புது ஆளும் லீடருக்கு அடுத்து, ரெண்டாவதா வரட்டும். லீடர் அவரைக் கண்ணாடியில பாத்துப் பாத்துப் போகட்டும்.

2. நிக்கற இடத்தை முன்னாடியே முடிவு பண்ணி எல்லாருக்கும் சொல்லிடணும். அடுத்த டீக்கடை எதுன்னு தெரிஞ்சா யாரும் யாரையும் துரத்த வேண்டாம்.

3. எந்தத் திருப்பத்துலயும் பின்னாடி வர்றவரோட ஹெட்லைட் தெரியற வரைக்கும் நின்னுட்டுப் போகணும். எல்லாரும் இதை மட்டும் செஞ்சாக்கூட ஒருத்தரும் தொலைய மாட்டாங்க.

4. ஆறு, ஏழு வண்டிக்கு மேல இருந்தா ரெண்டு குரூப்பாப் பிரிச்சுடுங்க.

5. கடைசி வண்டி, அதான் ஸ்வீப், கிளப்லயே அனுபவசாலியா இருக்கணும். ஸ்பேனரும் முதலுதவிப் பெட்டியும் அவர்கிட்ட. இன்னிக்கு நடக்கறது என்ன? சீனியர் எல்லாம் முன்னாடி பறக்கறாங்க, தெரியாதவன் கடைசியில மாட்டிக்கறான்.

பரிசு குடுத்தே ஆகணும்னா அந்த ஸ்வீப்புக்குக் குடுங்க. நாள் முழுக்க அடுத்தவன் புகையைக் குடிச்சிட்டு, பஞ்சர் ஆனவனுக்குத் துணையா நின்னு, சாப்பாடு ஆறினப்புறம் வந்து சேர்ற ஆள் அவர்தான்.

உடனே எல்லாரும் மாறிட்டாங்கன்னு சொன்னா பொய். கேடயம் கேடயமாவே போச்சு. ஆனா சாப்பாட்டுப் பந்தியில அந்த ஆர்.எக்ஸ். 100 அண்ணன் பக்கத்துல வந்து உக்காந்தார். "தம்பி, எங்க குரூப்லயும் ஒருத்தன் போயிட்டான். கடைசி வண்டிதான்"னார். அதுக்கு மேல அவரும் பேசல, நானும் கேக்கல.

திரும்பி வரும்போது நான் ஸ்வீப்பா வந்தேன். சென்னை வர்றதுக்கு மூணு மணி நேரம் லேட். பரவாயில்ல, கிளம்பின அத்தனை வண்டியும் வந்து சேர்ந்தது. எண்ணிப் பாத்துட்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பையன் இப்போ நல்லா நடக்கறான். கால்ல பிளேட் இருக்கு, குளிர் காலத்துல வலிக்குதாம். "அடுத்த ரைடு எப்போண்ணா?"ன்னு போன மாசம் கேட்டான். அவங்க அம்மாகிட்ட நானே நேர்ல போய்ப் பேசணும்னு இருக்கேன். இன்னும் தைரியம் வரல.

பி.கு: இந்த முறை அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். "தெரியும்டா, டீம் அவுட்டிங்குக்கு எவன் ஹெல்மெட் எடுத்துட்டுப் போவான்?"னாங்க :)