தூளி கெடுத்த ஆள் எங்கே?

மதுரையில் அண்மையில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவரும் நேரம். பக்கத்து அறையில் விழா நாயகி, ஏழு மாதக் கைக்குழந்தை, வீறிட்டு அழுகிறாள். தூக்கம் ஒருபக்கம், காது வலி மறுபக்கம். எழுந்து ஓடப்போன தாயைப் பெரியம்மா கையைப் பிடித்து உட்காரவைக்கிறார்: "தூக்காதடி, கைச்சூடு பழகிட்டா அப்புறம் இறங்கவே இறங்காது." பெங்களூரிலிருந்து வந்திருந்த தகப்பன் கைப்பேசியை நீட்டுகிறார்: "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு." மாதச் சந்தா கட்டி வாங்கிய தூக்கப் பயிற்சிச் செயலி அது. சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு தலைமுறைகள், ஒரு பச்சைக் குழந்தையை அழவிடுவதில் மட்டும் ஒரே கட்சி.

ஆட்டியும் தட்டியும் தூங்கவைத்தால் குழந்தை கெட்டுப்போகும், தானாகத் தூங்கவே கற்றுக்கொள்ளாது என்பதுதான் இவர்கள் வாதம். அப்படியானால் தூளிக்கு வருவோம். விட்டத்துக் கொக்கியில் பாட்டியின் பழைய நூல் சேலை, ஒரு கால் நீட்டி எட்டி உதைத்தபடி கீரை ஆயும் அத்தை. வயல் வேலை என்றால் வரப்போரத்து வேப்பங்கிளை. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இப்படித்தான் தூங்கினார்கள். அவர்களில் முப்பது வயதில் ஆட்டிவிட ஆள் தேடும் ஒருவரைக் காட்டட்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிப் பார்க்கலாம். கழிவறை ஓரம் செய்தித்தாள் விரித்துத் தூங்குகிறவரும், மூட்டைமேல் தலைசாய்த்துத் தூங்குகிறவரும், நின்றபடியே தூங்குகிறவரும் தூளியில் வளர்ந்தவர்கள்தான். எந்தச் செயலியும் இவர்களுக்குப் பயிற்சி தரவில்லை.

பெரியம்மா பாட்டன் காலத்து அனுபவம் என்று நினைப்பதும், மாப்பிள்ளை புத்தம்புது அறிவியல் என்று நினைப்பதும் நூறு வருடத்துக்கு முன்பே அமெரிக்காவில் அச்சான சரக்கு. நியூயார்க் குழந்தை மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட் 1894இல் தாய்மாருக்கு ஒரு கையேடு எழுதினார். அழுகை குழந்தையின் நுரையீரலுக்கு உடற்பயிற்சி, ஆட்டித் தூங்கவைப்பது தேவையற்ற பழக்கம், ஒட்டிக்கொண்டால் விடுவது கஷ்டம் என்றார். 1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். பிள்ளைகளைக் கொஞ்சாதீர்கள், மடியில் வைக்காதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்று புத்தகமே போட்டார். கைகுலுக்க வேண்டுமாம், பெற்ற பிள்ளையோடு! அந்த ஆசாமியே பின்னாளில் அந்தப் புத்தகத்தை எழுதியதற்காக வருந்தினார். அவர் வருந்தி முடித்த பிறகும் நம் வீட்டுக் கூடத்தில் அவர் குரல் ஓயவில்லை. விட முடியாத பழக்கம் என்று ஹோல்ட் பயமுறுத்திய ஆட்டத்தை, பாண்டியன் எக்ஸ்பிரஸ் பயணிகள் மூன்று வயதுக்குள் தாங்களாகவே விட்டிருந்தார்கள்.

"ஆறு மாசம் ஆச்சே, இன்னுமா ராத்திரி முழிக்குது?" என்று கேட்பவர்களுக்கு 2018இல் கனடாவிலிருந்து பதில் வந்தது. மான்ட்ரியல் ஆய்வாளர்கள் தாய்மாரிடம் கேட்டுப் பார்த்ததில், ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்குவதில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் அப்படித்தான். அதனால் அவர்கள் வளர்ச்சியில் குறை எதுவும் தென்படவில்லை. ஆக, இரவில் விழிப்பது குழந்தையின் கோளாறு அல்ல. குழந்தை என்றால் அதுதான்.

விடிய விடிய கண்விழித்துத் தாய் துவண்டுபோனால் என்ன செய்வது? மென்மையான வழி இருக்கிறது. எட்டு மணிக்குப் படுக்கப் போட்டு ஒன்பதரை வரை போராடுவதற்குப் பதிலாக, குழந்தை உண்மையில் கண்ணயரும் ஒன்பதரைக்கே படுக்க வைப்பது. தூக்கம் சட்டென்று வரத் தொடங்கியதும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவருவது. வெந்நீர்க் குளியல், மங்கிய விளக்கு, அதே பாட்டு, பக்கத்தில் ஒரு கை. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 43 குழந்தைகளை வைத்துச் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நேரம் தள்ளிப் படுக்க வைத்த குழந்தைகளும் சீக்கிரம் தூங்கின. இடைவெளி விட்டு அழவிட்ட குழந்தைகளுக்கும் கெடுதல் எதுவும் காணவில்லை என்றது அதே ஆய்வு. சந்தா கட்டியவர்கள் ஆறுதல் அடையலாம். அழவிடாமலே நடக்கிற காரியத்துக்கு அழவிடுவானேன்? தூளியில் தூங்கிப்போனால் எடுத்து, தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அந்த இடத்தில் ஜாக்கிரதை வேண்டும்.

குழந்தையை அழவிட்டாவது தூங்கப் பழக்கும் இந்த அவசரத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் குழந்தையின் நலன் அல்ல, மறுநாள் காலை ஒன்பது மணி ஆபீஸ். பெரியவர்கள் வசதிக்காகக் குழந்தையை அடக்குவது புதிதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்த கிரைப் வாட்டரில் நெடுங்காலம் ஆல்கஹால் கலந்திருந்தது. குடித்த குழந்தை ஏன் சமர்த்தாகத் தூங்கியது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. அந்த ஒன்பது மணி நெருக்கடிக்கும் காரணம் உண்டு. இன்று சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதுவும் பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடமாக இருந்தால்தான். தமிழக அரசு ஊழியருக்கு 12 மாதம். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தந்தைக்கோ, மத்திய அரசு ஊழியரென்றால் 15 நாள். தனியாரில் சட்டமே கிடையாது. அப்படியே விடுப்புக் கிடைத்த அப்பாக்களில் எத்தனை பேர் "நாளைக்கு ஆபீஸ்" என்று ஏசி அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை? தானாகத் தூங்கப் பழக வேண்டியது ஏழு மாதக் குழந்தையாம். அந்த அப்பாவுக்கும் சின்ன வயதில் தூளிதான்.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "ராத்திரி ஒழுங்கா தூங்குதா?" என்ற விசாரணையை விட்டுவிடுங்கள். கையைக் கழுவிக்கொண்டு குழந்தையை வாங்கி ஒரு மணி நேரம் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், தாய் போய்த் தூங்கட்டும்.