களஞ்சியம் இருக்கக் களவு எதற்கு?



தமிழ்ப்பள்ளிக் கணினிக் கூடத்தில் பிணையம் அமைக்க வேண்டுமென்றால் நாம் செய்வது என்ன? கடைக்காரர் ஒருவரை அழைக்கிறோம். அவர் வருகிறார், சட்டைப்பையிலிருந்து ஒரு விரலியை எடுத்துக் கணினியில் செருகுகிறார், அரை மணி நேரத்தில் ஏதேதோ மென்பொருள்களை நிறுவிவிட்டுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். அந்த விரலியில் இருந்தவை எங்கிருந்து வந்தன? உரிமம் உண்டா? பூட்டு உடைக்கப்பட்டவையா? எவரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் அதே கணினியின் முன் பிள்ளைகளை அமர்த்தி நன்னெறிக் கல்வி நடத்துகிறோம். பிறர் பொருளைக் கவர்தல் தவறு என்கிறோம். இதனினும் வெட்கக்கேடு வேறு உண்டோ?

பள்ளிப் பிணையத்திற்கான மென்பொருள், லினக்சு வழங்கல் ஒன்றன் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்தே வரவேண்டும். அதை நிறுவுவது ஆசிரியரின் கையாக இருக்க வேண்டும். இதுவே என் வாதம்.

"லினக்சா? அது பொறியாளர்களுக்கு உரியதாயிற்றே!" என்பார் உடனே குரல் எழுப்புவர். ஐயா, களஞ்சியம் என்பது என்ன என்று ஒரு முறையேனும் பார்த்ததுண்டா? டெபியன் குழுவினர் 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட 2.1 பதிப்பிலேயே ஆப்ட் என்னும் கருவி வந்துவிட்டது. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஸ்குவிட்' என்று ஆங்கில எழுத்துகளில் ஒரே வரி தட்டச்சு செய்தால் போதும். ஸ்குவிட் என்னும் பதிலி வழங்கியும் அது இயங்கத் தேவையான துணைப்பொதிகள் அனைத்தும் தாமே வந்து அமர்ந்துவிடும். மாணவர் எந்தத் தளத்திற்குச் செல்லலாம், எதற்குச் செல்லக்கூடாது என்பதைத் தள முகவரி கொண்டு அது கட்டுப்படுத்தும். வகுப்புகளிடையே கோப்புகளைப் பகிரச் சாம்பா. கணினிகளுக்கு முகவரி வழங்க டிஎன்எஸ்மாஸ்க். எல்லாம் அதே களஞ்சியத்தில், ஒரு காசு செலவின்றி, முறையான உரிமத்தோடு!

இங்கே ஓர் எச்சரிக்கை. உபுண்டுவில் டிஎன்எஸ்மாஸ்க் நிறுவினால் 53-ஆம் வாயிலில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு முன்பே அமர்ந்திருக்கும், இரண்டும் மோதிக்கொள்ளும். அதன் அமைவுக் கோப்பில் அவ்வாயிலைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தொடங்குக. லினக்சு உதவாது என்று இதைக் கண்டே கைவிட்டோர் பலர்.

கடைக்காரரின் விரலிக்கும் களஞ்சியத்திற்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டும் இல்லை. களஞ்சியத்தின் தலைமைக் கோப்பில் டெபியன் தன் மின்கையொப்பத்தை இடுகிறது. அக்கோப்பினுள் பொதிப் பட்டியலின் சரிபார்ப்பு எண் இருக்கிறது. பட்டியலினுள் ஒவ்வொரு பொதிக்கும் உரிய சரிபார்ப்பு எண் இருக்கிறது. வழியில் எவரேனும் ஒரு பொதியில் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் எண் பொருந்தாது. ஆப்ட் அதை நிறுவ மறுத்துவிடும். விரலிக்கு இப்படி ஒரு காவல் உண்டா?

இக்காவல் பொதி இறங்கும் வழியைச் சாராமல் கையொப்பத்திலும் சரிபார்ப்பு எண்களிலும் இருப்பதால் இன்னொரு நன்மையும் விளைகிறது. ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் பொதியை ஒரு கணினியில் நிறுவி, மற்றக் கணினிகளின் ஆப்ட் அமைவில் அதன் முகவரியையும் 3142 என்னும் வாயில் எண்ணையும் எழுதிவிட்டால், ஒரு கணினிக்காக இறங்கிய பொதி ஏனைய கணினிகளுக்கும் உள்ளிருந்தே கிடைக்கும். இருபது கணினிகளுக்கு இருபது முறை இறக்க வேண்டியதில்லை. இணைய வேகம் ஆமை வேகமாக உள்ள தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நம் லினக்சு அன்பர்களையும் விட்டுவைக்க மாட்டேன். ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் கண்ட கட்டளையை வெட்டி ஒட்டி, முன்பின் அறியாத தளத்திலிருந்து ஒரு நிரலை இறக்கி, அதை முழு அதிகாரத்தோடு அப்படியே இயக்குகிறார்களே, அவர்கள் எந்த வகையில் அந்தக் கடைக்காரரினும் மேம்பட்டவர்கள்? கேட்டால், "களஞ்சியத்தில் உள்ளது பழைய பதிப்பு" என்பார்கள். பழையதுதான். வேண்டுமென்றே பழையது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அதில் தொடர்ந்து சேர்க்கப்படுகின்றன. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்று புகுத்தப்பட்டிருந்ததை ஆண்ட்ரெசு ஃபிராய்ண்டு என்பவர் கண்டுபிடித்தார். தொலைக்கணினிக்குள் நுழைவது ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கண்டு அவர் ஐயுற்றதே காரணம். டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது நுழைந்திருந்தது. நிலையான பதிப்பைத் தொடவில்லை. களஞ்சியமும் தவறே நேராத கோயில் அன்று என்பதை இதனால் ஒப்புகிறேன். ஆயினும் பலர் கண்படும் இடத்தில் கள்ளம் வெளிப்பட்டது. விரலியில் உள்ள கள்ளத்தை யார் பார்ப்பார்?

பெற்றோர் சிலர், "வேலைச் சந்தையில் விண்டோசுதானே கேட்கிறார்கள்?" என்கின்றனர். உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவே லினக்சுதான். உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்சிலேயே இயங்குகின்றன. பிள்ளை எதைக் கற்றால் பிழைப்பான் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோசு 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோசு 11 ஏற்காத பழைய கணினிகளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதியன வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்பது எளிது. அந்தப் பணம் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் பெற்றோரின் வியர்வை அல்லவா? அரசு வழங்கிய கணினிகளில் அனுமதியின்றிக் கைவைக்கச் சொல்லவில்லை. சங்கம் வாங்கியவை, நன்கொடையாக வந்தவை இவற்றையே சொல்கிறேன்.

தொடக்கத்திற்கு அவற்றுள் ஒன்று போதும். அது 64-பிட் கணினியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32-பிட் நிறுவி இல்லை. நிறுவும்போது மொழிப் பட்டியலில் தமிழையே தேர்ந்தெடுக்கலாம். முதலில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி, அடுத்து ஸ்குவிட். ஒரு சனிக்கிழமைக் காலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை இது.