பைத்தியக்காரனுங்க செஞ்ச வேலையா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

உலகத்துல எங்க கூட்டமா ஆளுங்கள வெட்டினாலும் நம்மாளுங்க உடனே சொல்றது, "பைத்தியக்காரனுங்க, அவனுங்க இனமே அப்படித்தான்." எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

ருவாண்டாவை எடுத்துக்குங்க. 1994 ஏப்ரல் 6 ராத்திரி அதிபர் வந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்தினாங்க. அதுக்குப் பிறகு சுமார் 100 நாள்ல ஏறக்குறைய 8 லட்சம் பேரைக் கொன்னுட்டாங்க. பெரும்பாலும் டுட்சி மக்கள். ஒத்துப்போகாத ஹூட்டுகளையும் விடல. பிரதமரா இருந்த ஹூட்டு அம்மாவை மறுநாளே கொன்னாங்க.

நான் பல வருசமா ஃபேக்டரியில சூப்பர்வைசர். ஒரு லைனை ஒரு ஷிப்ட் ஒழுங்கா ஓட்டவே ஆளு, சாமான், அட்டவணை எல்லாம் முன்கூட்டியே வேணும். நாடு முழுக்க 100 நாள் நடந்தது வெறும் கோபமா? கோபம் ரெண்டு நாள்ல அடங்கிடும். ஆட்சியைப் பங்கு போட 1993 ஆகஸ்ட்ல ஒப்பந்தம் ஆச்சு. நாற்காலி போயிடும்னு பயந்த கூட்டம் தயார் பண்ணிச்சு. பாராங் கத்தி ஏராளமா இறக்குமதி ஆச்சு. இளைஞர் படைக்குப் பயிற்சி கொடுத்தாங்க. ரோட் பிளாக்ல ஐசி பார்த்துப் பிரிச்சாங்க. ஐசியில இனத்தை எழுதி வெச்சது 1930கள்ல ஆண்ட பெல்ஜியம்காரன், சுதந்திரத்துக்குப் பிறகும் யாரும் அதை எடுக்கல. கொல்றதுக்கு அவங்க சொன்ன வார்த்தை "வேலை". ஷிப்டுக்குப் போற மாதிரி போயிருக்காங்க. படிச்சப்ப எனக்கு உடம்பு கூசிப்போச்சு.

இதுக்கெல்லாம் முன்னாடியே 1993ல ஒரு ரேடியோ ஆரம்பிச்சாங்க. நல்ல பாட்டு, ஜோக்கு, நடுவுல டுட்சிகளை "கரப்பான் பூச்சி"ன்னு கிண்டல். கேட்டவன் சிரிச்சிருப்பான். அப்புறம் அதே ரேடியோ ஆளுங்க பேரையும் ஒளிஞ்சிருக்கிற இடத்தையும் சொல்லிச்சு. 2003ல ஐ.நா. நீதிமன்றம் அந்த ரேடியோவை ஆரம்பிச்ச ரெண்டு பேரையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னுச்சு.

புரிஞ்சுக்கிறதுன்னா நியாயப்படுத்துறது இல்லைங்க. "பைத்தியம்"னு சொல்லிட்டா திட்டம் போட்டவன் தப்பிச்சிடுறான்.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2017ல மியன்மாரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேல ரோஹிங்கியாக்கள் பங்களாதேசுக்கு ஓடினாங்க. வெறுப்பைத் தூண்ட தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யலன்னு ஃபேஸ்புக்கே 2018ல ஒத்துக்கிச்சு.

நம்ம கோயில் வாட்ஸ்அப் குரூப்ல போன வாரம் ஒரு சமூகத்தைப் பூச்சின்னு சொல்ற வீடியோ வந்துச்சு, கீழ சிரிக்கிற பொம்மை வரிசையா. அட்மின் அண்ணன்மாரே, அதை எடுத்துடுங்க. யாராச்சும் கோவிச்சுக்கிட்டா என்கிட்ட அனுப்புங்க. சனிக்கிழமை அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டுதான் இருப்பேன்.