மூன்றை எட்டாக்கும் கறுப்பு டேப்

2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான கார் உங்களிடம் இருந்தால், அதன் நம்பர் பிளேட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் பதித்த ஹாலோகிராம் இருக்கும். 20 மில்லிமீட்டர் சதுரம். அதன் கீழே நம் நாட்டைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் நீல நிறத்தில். இன்னும் கீழே, இடது ஓரத்தில், பொடியாக 10 இலக்க எண் ஒன்று லேசரில் பொறித்திருக்கும். அது உங்கள் வண்டியின் பதிவெண் இல்லை, அந்தத் தகட்டுக்கே உரிய எண். கறுப்பு எழுத்தின் மேல் விரலை ஓட்டினால் புடைப்பு தட்டுப்படும். அந்தக் கறுப்புப் படலத்தின் மேல் ‘இந்தியா’ என்ற சொல் 45 டிகிரி சாய்வில் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும்.

திருநெல்வேலியில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். நம்பர் பிளேட்டுக்கு எண் வெட்டி ஒட்டுவதுதான் ரொம்ப வருஷம் என் பிழைப்பு. காருக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10. பைக்குக்குப் பின்னால் எண்ணின் உயரம் 40, முன்னால் 30. மோட்டார் வாகன விதியில் இருக்கும் இந்த அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். புதுத் தகடு வந்த பிறகு புது வண்டிகளுக்கான வேலை டீலர்களிடம் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. 8055 என்ற எண் கிடைத்தவர்கள், அதை ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று படிக்கிற மாதிரி வளைத்துத் தரச் சொல்லி வருவார்கள். முடியாது என்று அனுப்பிவிடுவேன். அடுத்த கடையில் வெட்டிக்கொண்டு என் கடை வழியாகவே போவார்கள். நம்பர் பிளேட் வண்டிக்காரர் ஆசைக்கு எழுதுவது இல்லை. ரோட்டில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளுக்காக எழுதுவது.

அந்த ஆளைத்தான் புதுத் தகட்டைச் செய்தவர்கள் மறந்துவிட்டார்கள் என்பது என் கருத்து. ஹாலோகிராமும் லேசர் எண்ணும் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்கிற போலீஸ்காரருக்கு உதவும். உடைத்தால்தான் கழற்ற முடியும் என்கிற ஸ்னாப் லாக், தகடு திருடுகிறவனைத் தடுக்கும். எல்லாமே நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில்தான் வேலை செய்யும். எங்கள் கடைக்கு எதிரே பழ வண்டி தள்ளுகிற பெரியவரை ஒரு பைக் இடித்துவிட்டு நிற்காமல் போனது. கடைசி எண் 3 என்றார் டீக்கடைக்காரர். இல்லை, 8 என்றார் ஆட்டோக்காரர். இருவரும் கண்ணால் பார்த்தவர்கள்தான். அவர்களுக்கு ஹாலோகிராமா தெரியும்?

இதில் வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. 3-க்கு இடப்பக்கம் கறுப்பு டேப்பில் இரண்டு சின்னத் துண்டு ஒட்டினால் 8 ஆகிவிடும். ஆங்கில ‘எஃப்’ எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டால் ‘ஈ’. இரண்டு நிமிட வேலை.

ஜெர்மனியில் இதே தலைவலி 1970-களின் கடைசியில் வந்தது. ‘செம்படைப் பிரிவு’ என்ற ஆயுதக் குழுவின் தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்த காலம். பிளேட்டில் அப்போதிருந்த எழுத்தைக் கொஞ்சம் மையோ டேப்போ வைத்து மாற்றிவிட முடியும் என்பது தெரியவந்தது. கார்ல்கியோர்க் ஹோஃபர் என்ற எழுத்து வடிவமைப்பாளர் 1978 முதல் 1980 வரை உழைத்து ஒரு புது எழுத்துருவை உருவாக்கினார். அதில் ஓர் எழுத்தின் வடிவம் இன்னோர் எழுத்தோடு ஒத்துப்போகாது. ஒன்றை ஒட்டுப்போட்டு இன்னொன்றாக்கினால் கோணலாகித் தனியாகத் தெரியும். 2000 நவம்பர் முதல் அங்கே புதுப் பிளேட்டுகளுக்கு அது கட்டாயம். பார்க்க ஒழுங்கில்லாத எழுத்து என்று சிலர் சொல்லலாம். எழுத்து வெட்டியே பழகிய என் கண்ணுக்கு அதைவிட அழகான எழுத்து இல்லை. தேவையில்லாமல் ஒரு வளைவுகூட அதில் கிடையாது.

நம் அரசுக்கும் இந்த யோசனை இல்லாமல் இல்லை. 2021-ல் வந்த ‘பாரத்’ வரிசை பிளேட்டுகளில் ‘ஐ’, ‘ஓ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்பதுதான் காரணம். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் வரும் குழப்பத்தை யோசித்தவர்கள், 3-க்கும் 8-க்கும் நடுவில் இருப்பதை ஏன் விட்டுவிட்டார்கள்?

எழுத்து வடிவமைப்பில் தேர்ந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது, மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். வரைந்து முடித்ததும், மழையிலும் இருட்டிலும் ஓடுகிற பைக்கில் மாட்டிச் சோதிக்க வேண்டும். படித்துச் சொல்ல அதிகாரிகளை நிறுத்தாமல், ஒரு டீக்கடைக்காரரையும் ஆட்டோக்காரரையும் நிறுத்துங்கள்.